அடிமாலியில் ஒரு பேச்சு, மூணாறில் ஒரு பேச்சு

தேவிகுளம் தொகுதியில் வாக்குக் கேட்டு இறங்குகிறவருக்கு ஒரு மொழி போதாது. அடிமாலிப் பக்கம் மலையாளத்தில் பேச வேண்டும். மலையேறி மூணாறு, மறையூர், வட்டவடை என்று போகும்போது தமிழுக்கு மாற வேண்டும். இடையில் இருக்கும் சித்திரபுரம் பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த ஊர். 1940இல் அந்த மின்நிலையம் ஓடத் தொடங்கிய காலம் தொட்டு இரு மொழிக்காரர்களும் அங்கே அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். தேர்தல் வந்தால் அதே ஜீப், அதே கொடி, அதே வேட்பாளர். ஒலிபெருக்கியில் மட்டும் மொழி மாறும்.

மொழியை மாற்றிப் பேசுவதில் குற்றமில்லை. கேட்பவருக்குப் புரிகிற மொழியில் பேசுவது மரியாதை. பேச மறுப்பதுதான் அவமதிப்பு. மொழி மாறும்போது சொல்லும் செய்தியும் மாறிவிடுகிறதா, வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் அந்தத் தமிழ் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எண்ணிக்கையில் சிறிய, உழைப்பில் பெரிய ஒரு மக்கள் கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்க ஒரு கட்சி எதுவரை போகலாம்? இந்த மலைக்கு இது எழுபது ஆண்டுக் கேள்வி.

தேயிலைத் தோட்டங்களுக்காகத் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த குடும்பங்களின் வாரிசுகள்தாம் இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர். மொழிவழி மாநிலங்கள் பிரியும் நேரத்தில், மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டது. 1954இல் நேசமணி இங்கே வந்து கைதானார். அதே காலத்தில் பட்டம் தாணு பிள்ளையின் அரசு இந்த மலைகளில் குடியேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, சமவெளியிலிருந்து மலையாளிக் குடும்பங்களைக் கொண்டுவந்து நிலம் கொடுத்தது. உணவு உற்பத்தி என்பது சொல்லப்பட்ட காரணம். மொழிக் கணக்கை மாற்றும் நோக்கமும் அதில் இருந்தது என்பதே தமிழர் தரப்பின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டு உண்மையானால், வாக்காளரின் மனத்தை மாற்ற முயலாமல் வாக்காளரையே மாற்றும் வேலை அது. அதோடு ஒப்பிட்டால் மேடைப் பேச்சும் பாட்டும் எவ்வளவோ நேர்மையானவை. 1955இல் மாநில மறுசீரமைப்புக்கான ஃபசல் அலி ஆணையம் இரு தாலுகாக்களும் கேரளத்தோடு இருக்கட்டும் என்றது. அதன் பிறகு தோட்டத் தமிழர் கேரள வாக்காளர் ஆனார்கள். அவர்களைத் தேடிக் கட்சிகள் மலையேறின.

1957இல் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் தேவிகுளத்தில் வென்றார். வழக்கில் அந்தத் தேர்தல் செல்லாது என்றானது. 1958இல் நடந்த இடைத்தேர்தல், மெல்லிய பெரும்பான்மையில் நின்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசுக்கு வாழ்வா சாவா என்கிற தேர்தல். அப்போது பண்ணைப்புரத்திலிருந்து வந்த பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு தோட்டம் தோட்டமாகப் போனார். இளையராஜாவின் அண்ணன் அவர். எல்லார் வாயிலும் இருந்த மெட்டுகளில் கட்சியின் சொற்களை ஏற்றிப் பாடினார். ரோசம்மா மறுபடியும் வென்றார். அந்த வெற்றியைப் பாவலருக்கு உரியதென்று இ.எம்.எஸ். சொன்னதை இளையராஜா நினைவுகூர்ந்திருக்கிறார்.

பாட்டால் வாக்குச் சேர்ப்பது சரியா? அறிவை மயக்கி உணர்ச்சியைத் தூண்டுகிறதே என்று கேட்கலாம். நாள் முழுக்கக் கூடையைச் சுமந்து கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண், எண்ணெழுத்து கற்கும் வாய்ப்பே கிடைக்காத அந்தக் காலத்துப் பெண், ஐந்து பக்கத் துண்டறிக்கையை எப்படிப் படிப்பாள்? அவளுக்குக் கட்சியின் கருத்தைக் கொண்டு சேர்க்கப் பாட்டுதான் வழி. உணர்ச்சி கலந்த பேச்செல்லாம் ஏமாற்று என்றால் அரசியலில் படித்தவர்கள் மட்டுமே பேச முடியும். பாட்டில் வருவது மேடைப் பேச்சில் வருகிற அதே வாதமாக இருந்து, கேட்டவள் மறுநாள் தன் தோட்டக் குடியிருப்பான லயத்தின் வாசலில் நின்று எதிர்க்கேள்வி கேட்கவும் முடியுமானால், அந்தப் பாட்டில் பழுதில்லை.

சட்டம் இந்த இடத்தில் கடுமையாக இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றின் பேரால் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்பது மட்டுமா, வாக்காளரின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்பதும் சேர்த்தியா என்ற கேள்வி அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் முன் வந்தது. 2017 ஜனவரி 2 அன்று நான்கு பேர் இரண்டும் சேர்த்தி என்றார்கள். மூவர் மறுத்தார்கள். சாதியாலும் மொழியாலும் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் குறையைத் தேர்தல் மேடையில் பேசுவது ஜனநாயகத்தின் உயிர், அதற்குப் பூட்டுப் போடலாகாது என்பது அந்த மூவரின் கருத்துச் சாரம். தேவிகுளத்தை அறிந்தவர் அந்த மூவர் பக்கமே சாய்வார். தமிழில் படித்த பிள்ளைக்கு மேலே படிக்க வழியில்லை என்று சொல்வதும், 'நான் தமிழன், எனக்கே போடு' என்று சொல்வதும் ஒன்றாகிவிடாது. முதலாவதற்கு எதிர்வாதம் உண்டு, தீர்வு உண்டு, பிறகு கணக்குக் கேட்க இடமும் உண்டு. இரண்டாவதில் சேர்ந்து நிற்பதைத் தவிர வேறு பதிலுக்கு இடமில்லை.

சட்டத்தின் பார்வைக்கு எட்டாத ஒரு தவறு இருக்கிறது. ஒரே விஷயத்தில் ஒரு மொழிக்காரரிடம் ஒன்றும், மற்ற மொழிக்காரரிடம் வேறொன்றும் சொல்வது. முல்லைப்பெரியாறு அதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி. கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியும் காங்கிரசும் புது அணை வேண்டும் என்கின்றன. அதே கட்சிகளின் தமிழகக் கிளைகள் 1895இல் கட்டிய அணை உறுதியாக இருக்கிறது, தண்ணீரைத் தடுக்காதே என்கின்றன. இரண்டு மாநிலத்தில் இரண்டு நிலைப்பாடு எடுப்பதையாவது அந்தந்த மக்களின் நலன் என்று நியாயப்படுத்தலாம். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் அந்த இரு தரப்பும் ஒரே தொகுதிக்குள் வாழ்கின்றன. இங்கே தமிழ்க் கூட்டத்தில் அணையைப் பற்றி வாயே திறக்காமல் போனஸையும் ரேஷனையும் பேசிவிட்டு, அடுத்த ஊரில் மலையாளத்தில் அணைக்காக முழங்கினால், கேட்கிறவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் வழியை அந்தக் கட்சி அடைக்கிறது. 2011 டிசம்பரில் அணைச் சச்சரவு முற்றியபோது அதன் விலை தெரிந்தது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அச்சத்தில் மலைப்பாதை வழியே தேனி மாவட்டத்துக்கு இறங்கின. ஒரு மொழியில் மூட்டிய தீயை மற்ற மொழிக்காரர்கள் சுமந்தார்கள். அந்த வாரங்களில் இரு மொழியிலும் ஒரே நிதானச் சொல்லைச் சொல்லத் துணிந்தவர்கள் சிலரே.

பட்டா விஷயத்திலும் இதுதான் கதை. ஆனால் சத்தமில்லாமல் நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. குடியேறிய விவசாயிக்குத் தன் கைவசமிருக்கும் நிலத்துக்குப் பட்டா வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குக் கைவசம் நிலமே இல்லை. மூன்று தலைமுறை வேலை செய்த குடும்பமானாலும் ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் கூரை நிலைக்கும். 1971இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு திரும்ப எடுக்கும் சட்டம் வந்தபோது, நிலமற்றவர்களுக்கு அதில் பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பிறந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் விவசாயியிடம் ஒரு பட்டா, தொழிலாளியிடம் ஒரு பட்டா என்று வாக்குறுதி தரப்படுகிறது. மலையில் நிலம் அளவோடுதான் இருக்கிறது. காட்டுச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. இருவருக்கும் எதை எப்படிப் பங்கிடப் போகிறோம் என்று இருவர் முன்னிலையிலும் சொல்லாத வரை, அந்த வாக்குறுதி ஒரே காளையை இரண்டு சந்தையில் விற்பதற்குச் சமம்.

உலகின் மறுகோடியிலும் இதே சிக்கலைப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் வாக்காளர்களைத் தேடிக் கட்சிகள் போகத் தொடங்கியது 1960இல் 'விவா கென்னடி' மன்றங்கள் எழுந்தபோது பெரிதாகத் தெரிந்தது. ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலின் ஸ்பானிய மொழியிலேயே தொலைக்காட்சியில் வாக்குக் கேட்டார். மொழிச் சிறுபான்மையினருக்கு அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டும் தேர்தல் தகவலும் தர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1975இல். கேட்பதற்கு உடனே வந்த மொழி, கொடுப்பதற்கு வரப் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்த மக்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்த்த கட்சிகள் பிறகு திகைத்தும் போயின. மியாமியின் கியூபா வழியினரும் டெக்சாஸ் எல்லையின் மெக்சிகோ வழியினரும் ஒரே கணக்கில் வாக்களிப்பதில்லை. நம் பக்கமும் அப்படித்தான். மூணாறுத் தோட்டத்துப் பட்டியலினத் தொழிலாளி, வட்டவடையில் காய்கறி விளைவிக்கும் விவசாயி, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பக்கத்துத் தமிழ் உழவர் ஆகிய மூவரையும் 'கேரளத் தமிழர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவது கட்சிகளுக்கு வசதி. சித்தூர்க்காரருக்கு முதல் கவலை பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி வரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர். அந்தத் தண்ணீரை விடவேண்டியது தமிழகம். அங்கே தமிழ் விவசாயி தமிழக அரசைக் கண்டித்தும் கேரள அரசை நம்பியும் வாக்களிக்கிறார். மொழிப் பாசத்தை மட்டும் விதைத்து அவரிடம் அறுவடை செய்ய முடியாது என்பதை அந்த மண்ணின் அரசியல்வாதிகள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். நீரைப் பேசித்தான் அங்கே ஜெயிக்க முடியும். தோட்டத் தொழிலாளிக்கு மறுக்கப்படும் ஒரு மதிப்பு அந்த உழவருக்குக் கிடைக்கிறது.

ஏன் மறுக்கப்படுகிறது? தோட்டத்தில் இணங்க வைக்கும் முயற்சி பேச்சோடு நிற்பதில்லை. தொழிற்சங்கமும் கட்சியும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள். லயம் ஒதுக்கீடு, விடுப்பு, மகனுக்கு வேலை, கிராஜுவிட்டி என்று எதற்கும் சங்கத் தலைவரின் சொல் தேவைப்படும் இடத்தில், வாக்குக் கேட்டு வருகிறவரும் அவரே என்றால், அது கேட்பதா, நினைவூட்டுவதா? மறுத்தால் என்ன இழப்போம் என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் ஓடும்போது அவரிடம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கை அழுத்துகிறது. கையில் பணம் திணிப்பதைவிட இது நுட்பமானது. குற்றம் என்று எந்த அதிகாரியும் எழுத முடியாதது. என் கணிப்பில் இந்த மலையின் பெரிய அறக்கேடு மொழி அரசியல் இல்லை, இதுதான்.

2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண்கள் அதைத் தெருவில் உடைத்தார்கள். போனஸ் முந்தைய ஆண்டின் 19 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு நாள் கூலி அப்போது 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு நகரத்தில் சாலையில் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்துக்கு எதிராக மட்டும் அவர்கள் உட்காரவில்லை. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்று எந்தச் சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. ஆதரவு சொல்ல வந்த தொகுதி உறுப்பினரையே திருப்பி அனுப்பினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் இடம் கொடுத்தார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்று பெயர் வைத்துக்கொண்டு, கூட்டணிப் பேரங்கள் எதுவும் அறியாத அந்தப் பெண்கள் 20 சதவீதம் வாங்கித்தான் எழுந்தார்கள். அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது. கொழுந்தும் புல்லும் கீறிய விரல்களோடு, மழைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைத் தமிழில் பேசி யாரும் இணங்க வைக்கவில்லை. அவர்கள்தாம் ஒரு மாநில அரசை இணங்க வைத்தார்கள்.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் பெண்கள் ஒற்றுமையின் வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் மிகச் சொற்பம். வென்றவர், முந்தைய ஆண்டு அவர்கள் திருப்பி அனுப்பிய அதே உறுப்பினர். அப்படியானால் கட்சிகளின் பேச்சில் அவர்கள் மறுபடி விழுந்துவிட்டார்கள் என்றுதானே பொருள்? அல்லது தோட்டத்து வாக்காளர் நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவர், கட்சிகள் அவரை ஏமாற்றுவதைப் போலவே அவரும் கட்சிகளைப் பயன்படுத்திக்கொள்கிறார், இதில் அறம் பேச என்ன இருக்கிறது?

வாக்காளர் ஏமாளி இல்லை என்பதை முழுக்க ஏற்கலாம். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க.வும் தேவிகுளத்தில் நின்று 11,000க்கு மேல் வாக்கு வாங்கியது. எல்லைக்கு அந்தப்புறம் போடியிலும் தேனியிலும் உறவினர் வீட்டில் அந்தக் கட்சியின் அரசு கொடுத்த மிக்ஸியையும் கிரைண்டரையும் பார்த்தவர்கள் அந்தச் சின்னத்தில் ஒரு செய்தியை எழுதினார்கள். கேரளத்தில் ஆட்சிக்கு வர வழியில்லாத கட்சி, தான் வேறொரு மாநிலத்தில் கொடுத்ததைக் காட்டி வாக்குக் கேட்பது முறையா என்றால், தர முடியாததைத் தருவதாகச் சொன்னால் முறையில்லை. 'அங்கே தருகிறார்கள், இங்கே ஏன் தரவில்லை' என்று கேட்கத் தூண்டினால் முறைதான். ஆனாலும் பெரும்பாலோர் பழைய இரு அணிகளுக்கே போட்டார்கள். கூலியையும் வீட்டையும் தீர்மானிப்பது திருவனந்தபுரம், அங்கே ஆளப்போகிறவர் யார் என்று பார்த்துப் போட்டார்கள். அது அறியாமை ஆகாது. வேறு வழி குறைவாக உள்ளவரின் விவேகம் அது. கேட்கிறவரின் கடமை குறைவது இங்கேதான் என்று நினைப்பவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். வேறு போக்கிடம் உள்ளவரிடம் பொய் சொன்னால் அவர் அடுத்த முறை விலகிப் போவார். போக்கிடம் இல்லாதவரிடம் சொன்ன பொய்க்குத் தண்டனையே கிடையாது. தண்டனை இல்லாத இடத்தில் நேர்மைக்கு ஒரே காவல் சொல்கிறவரின் மனச்சாட்சி.

அந்த மனச்சாட்சியைத் தேர்தலுக்குப் பிந்தைய நாட்களில் தேடிப் பார்க்கலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ எல்லாருமே தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மறுநாள் கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் விழுந்தது. விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம் என்று அரசு அறிவித்தது. முதலமைச்சர் கரிப்பூருக்கு மறுநாளே போனார். பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13இல் வந்தார். வழி அடைபட்டிருந்தது, பெட்டிமுடிக்கு மறுவாழ்வு உதவி தனியாக வரும் என்று அரசு விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தில் உண்மையும் இருக்கலாம். ஆனாலும் இரண்டு எண்களையும் ஒரே செய்தியில் படித்த தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தேர்தல் மேடையில் கேட்ட தமிழெல்லாம் அன்று என்னவாகத் தோன்றியிருக்கும்?

அடுத்த ஆண்டு தேவிகுளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா 7,848 வாக்கு வித்தியாசத்தில் வென்று, மே 24 அன்று சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். மலையெங்கும் அந்தக் காட்சி கைபேசிகளில் ஓடியது. மக்கள் பெருமைப்பட்டார்கள், பெருமைப்பட வேண்டியதும்தான். அரசுத் துறை தயாரித்துக் கொடுத்த தமிழ் வாசகத்தில் உறுதிமொழிக்கு உயிரான பகுதி விடுபட்டிருந்ததால் அது செல்லாமல் போனது. ஜூன் 2 அன்று அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க நேர்ந்தது. செல்லாத நாட்களுக்கு அபராதமும் அவர் தலையில் விழுந்தது. உறுப்பினர் மீது குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வாக்குக் கேட்கும் துண்டறிக்கையின் தமிழை நாலு பேர் பார்த்துத் திருத்துகிறார்கள். சட்டமன்றத்துக்குப் போகும் தமிழைத் திருத்த ஒருவரும் இல்லாமல் போயிற்று.

1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு இருக்கிறது. 2017இல் மலையாளத்தைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கிய சட்டமும் இருக்கிறது. மலையாளம் கற்பது தோட்டத்துப் பிள்ளைக்கு நல்லதே. கேரளத்தில் வேலை தேடப் போகிற பிள்ளை அது. அதற்காகத் தமிழாசிரியர் இடம் காலியாகக் கிடக்கலாமா என்பதை எந்தக் கட்சி அடிமாலிக் கூட்டத்தில் மலையாளத்தில் பேசும்? அங்கே பேசினால் நாலு வாக்குக் குறையலாம். மூணாறில் மட்டும் பேசினால் செலவே இல்லை. செலவில்லாத ஆதரவை மூணாறில் எல்லாக் கட்சியும் தாராளமாகத் தருகிறது.

ஆகவே தமிழ் வாக்காளரிடம் வரும் கட்சியிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மூணாறில் சொன்னதை அடிமாலியிலும் சொல்லட்டும், அடிமாலியில் சொன்னதை மூணாறிலும் சொல்லட்டும். முல்லைப்பெரியாறு பற்றிய தன் நிலையைத் தமிழ்த் துண்டறிக்கையிலும் அச்சடிக்கட்டும், அதைப் படித்துவிட்டு ஒரு தோட்டத்துக் குடும்பம் எதிரணிக்குப் போட்டாலும் போடட்டும். லயமும் வேலையும் ஒதுக்கும் அதிகாரத்தைச் சங்கத் தலைவர் தேர்தல் முடியும்வரையாவது தன் கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கட்டும். தேவிகுளம் தாலுகா அலுவலகத்தில் வெள்ளைத் தாளில் தமிழில் கொடுத்த மனுவுக்கு மாதம் தாண்டுவதற்குள் தமிழில் பதில் வருகிறதா என்று வென்றவர் ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கட்டும்.